தொழில் கேள்வி – பதில்: ஃபோர்மேன் ஓய்வு பெறும் முன்

கேள்வி: கோவையில் சிறிய ஃபவுண்டரி (உலோகத்தை உருக்கி மணல் அச்சில் வார்க்கும் பட்டறை) நடத்துகிறோம். மணலைக் கையில் பிடித்தே பதம் சொல்லும் எங்கள் ஃபோர்மேன் இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு பெறுகிறார். தெரிந்ததையெல்லாம் எழுதித் தரச் சொன்னோம். இரண்டு பக்கம்தான் வந்தது. என்ன செய்யலாம்?

பதில்: எழுதும் வேலையைக் கற்றுக்கொள்ளப் போகிறவரிடம் கொடுங்கள். கைப்பழக்கமாகிவிட்டதை ஃபோர்மேனால் சொல்லி எழுத முடியாது, பக்கத்தில் நின்று பார்ப்பவர்தான் "ஏன் இப்போது தண்ணீரைக் குறைத்தீர்கள்?" என்று கேட்பார்.

முதலில் ரிஜெக்‌ஷன் ரெஜிஸ்டரை (ஒதுக்கப்பட்ட வார்ப்புகளின் பதிவேடு) எடுங்கள். அடிக்கடி வரும் கோளாறுகளை வாரத்துக்கு ஒன்றாக அவரோடு பேசுங்கள். தாளில் மூன்று பத்தி போதும்: செய்யும் படி, அதில் கவனிக்க வேண்டியது, காரணம். மூன்றாவதை விட்டுவிட்டால், நிலைமை கொஞ்சம் மாறினாலும் புதியவர் திணறுவார்.

மணலுக்கு இதைச் செய்யுங்கள். அவர் பிடி மணலை இறுக்கி, விரல் தடம் தெளிவாக விழுகிறதா, உடைத்தால் விளிம்பு உதிராமல் நிற்கிறதா என்று பார்ப்பார். அவர் "சரி", "ஈரம் அதிகம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அதே மணலின் ஈரப்பதம், கம்பாக்டபிலிட்டி (அழுத்தும்போது மணல் எவ்வளவு இறுகுகிறது என்ற அளவு), வெப்பநிலை மூன்றையும் அளந்து, அவர் சொன்ன வார்த்தைக்கு எதிரே குறித்து வையுங்கள். ஈரம் கூடினால் காஸ்டிங்கில் (வார்ப்பில்) ப்ளோ ஹோல், அதாவது வாயுக் குழி, வரும்; குறைந்தால் மோல்டு (மணல் அச்சு) உதிர்ந்து காஸ்டிங்கில் மணல் சேரும். வார்ப்பு முடிந்து திரும்பி வரும் மணல் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் மிக்ஸரில் சரியாக இருந்த ஈரம் மோல்டிங்குக்குப் போவதற்குள் பறந்துவிடும். வெப்பநிலையைக் குறிக்காத பதிவு அதனாலேயே ஏமாற்றும்.

வீடியோ எடுத்தால் ஒரு வேலைக்கு மூன்று நிமிடம் போதும். இரண்டு மணி நேரப் பதிவை யாரும் திறக்க மாட்டார்கள். தாள் மிக்ஸர் பக்கத்திலேயே தொங்கட்டும், அதில் ஃபோர்மேன் பெயரும் இருக்கட்டும். சொல்லிக் கொடுத்துவிட்டால் தன் மதிப்பு போய்விடுமோ என்ற அச்சம் மூத்தவர்களுக்கு நியாயமாகவே உண்டு. ஓய்வுக்குப் பிறகு மாதம் சில நாள் சம்பளத்தோடு வரச் சொல்லி, அதை இப்போதே எழுத்தில் கொடுங்கள்.

கடைசி இரண்டு மாதம் புதியவரே முடிவெடுக்க வேண்டும். ஃபோர்மேன் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கட்டும். ஐஎஸ்ஓ 9001 (தர மேலாண்மை) சான்றிதழ் வைத்திருந்தால், 2015 பதிப்பின் 7.1.6 பிரிவு கேட்பதும் இந்த அறிவுப் பாதுகாப்பைத்தான். தணிக்கையில் இந்தத் தாள்களைக் காட்டலாம்.

கேள்வி: ஆலோசனைப் பெட்டி வைத்தோம். ஒரு மாதத்தில் காலியாகிவிட்டது.

பதில்: போட்டவருக்குப் பதில் போயிருக்காது. ஒரு வாரத்துக்குள் நேரில் சொல்லுங்கள், மறுத்தால் காரணத்தோடு. சிறு செலவுள்ள யோசனைகளை சூப்பர்வைசரே அன்றைக்கே அனுமதிக்கட்டும்.