கல்ஃபுக்குப் போனவர்களும் நீங்களும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அப்பா லுங்கித் தறி வைத்திருந்தார். நான் பொறியியல் படித்து அமெரிக்கா வந்தேன், இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். எச்1பி விசா, நிறுவனம் மனுப் போட்டு வேலைக்காக வாங்கித் தருவது. போன வாரம் பதினைந்து நிமிட வீடியோ காலில் என் வேலையை முடித்துவிட்டார்கள். பேசி முடிப்பதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது. 60 நாளுக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மனைவியையும் இங்கேயே பிறந்த மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. அப்பா போன் செய்யும் நேரத்துக்குக் காரில் போய் உட்கார்ந்துகொண்டு ஆபீசில் இருப்பதுபோல் பேசுகிறேன். தாத்தாவிடம் வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். வீட்டுக்குச் சொல்வதா, வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்வதா? நான் ஏஜென்டிடம் பணம் கட்டி கல்ஃபுக்குக் கூலி வேலைக்குப் போய் ஏமாந்து திரும்புகிற ஆள் இல்லை. படிப்பால், தகுதியால் வந்தவன். ஊர் என்னை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்கும் என்று நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. ஏஐ வந்த பிறகு எங்கள் துறைக்கு எதிர்காலம் உண்டா? காட்பாடியில் அப்பா பெயரில் வாங்கிப்போட்ட மனையை விற்றுவிடலாமா? இந்த மனநிலையில் வாசிக்க ஏதாவது புத்தகம் சொல்ல முடியுமா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேறொரு தாளை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். அவசரமானதை முதலில் பேசிவிடுவோம்.

அந்த 60 நாள் வீடியோ கால் வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. பொதுவாக, எந்த நாள் வரைக்கும் சம்பளம் போட்டார்களோ அதற்கு மறுநாளிலிருந்துதான் கணக்கு. செவரன்ஸ் என்று மொத்தமாகத் தரும் பணம் அந்தக் கணக்கை நீட்டாது. எந்தத் தேதிவரை தங்கலாம் என்று சொல்லும் உங்கள் ஐ-94 சீட்டு அதற்கு முன்பே முடிகிறதென்றால் அந்தத் தேதிதான் கெடு. கெடுவுக்குள் புது நிறுவனம் உங்களுக்காக மனுப் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை காத்திருக்காமல் அங்கே வேலையில் சேரலாம். பி-2 என்கிற சுற்றுலா விசாவுக்கு மாற்றச் சொல்லி மனுப் போடுவதும் ஒரு வழி, ஆனால் அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், பழைய நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் வரிசையில் உங்கள் தேதி உங்களுடையதுதான். விசாக் காலம் முடியுமுன் வேலையை விட்டு நிறுத்தியது அவர்கள் என்பதால், நீங்கள் ஊர் திரும்பும் பயணச் செலவைத் தருவது சட்டப்படி அவர்கள் பொறுப்பு. உங்களுக்கு மட்டும், குடும்பத்துக்கு இல்லை. வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக எச்1பி மனுப் போட ஒரு லட்சம் டாலர் என்று 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. அது உங்களைத் தொடுமா என்பதைக் கிளம்பிய பிறகு விசாரிப்பதில் பயனில்லை, கிளம்பும் முன்பே விசாரியுங்கள். மகள் அங்கே பிறந்தவள், இந்தியாவில் தங்க அவளுக்கு ஓசிஐ அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் ஒரு குடியேற்ற வக்கீலுக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள். வாட்ஸாப் குழுவில் கேட்காதீர்கள், அங்கே இருக்கிற எல்லோரும் உங்களைப் போலவே பயந்துபோயிருப்பார்கள்.

ஏஐ பற்றிய கேள்வியை விடுங்கள். அதற்கு 60 நாளுக்குள் பதில் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. புத்தகமும் இப்போது வேண்டாம், உங்கள் விசாத் தாள்களை எடுத்து ஒரு வரி விடாமல் வாசியுங்கள்.

சரி, அந்தத் தாளுக்கு வருகிறேன்.

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, தமிழ் பேச வராது. கையில் பழைய கப்பல் பதிவேட்டின் ஒரு பக்கத்து நகல். அவருடைய பாட்டனாரின் அப்பாவுக்கு அதில் ஒரே ஒரு வரிதான் இடம். ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம் வட ஆற்காடு, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு. ஊர்ப் பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு உங்கள் குடியாத்தம் பக்கம் ஆட்டோவில் சுற்றினோம். ஒவ்வோர் ஊரிலும் பெரியவர்கள் அந்த எழுத்துகளைத் தங்கள் ஊர்ப் பெயராக வாசித்துக் காட்டினார்கள். கடைசிவரை எந்த ஊர் என்று தெரியவில்லை. அந்த அம்மா குடியாத்தத்தில் நாலு லுங்கி வாங்கிக்கொண்டு ரயிலேறினார். நகலை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார், இன்னும் தேடச் சொல்லி.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேர் டர்பன் இருக்கிற நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பகுதி சென்னை மாகாணத்து ஆட்கள், நம் மாவட்டத்தார் அதில் ஏராளம். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். யாருடைய கரும்புத் தோட்டம் என்று அங்கே பிரித்துக் கொடுப்பார்கள். அதன் பிறகு அந்த நாட்டில் நீ யார் என்றால் இன்ன துரையின் ஆள், அவ்வளவுதான். தோட்டத்தை விட்டுச் சீட்டில்லாமல் வெளியே போனால் குற்றம். பத்து வருடம் இருந்தால் ஊர் திரும்பக் கப்பல் கட்டணம் இலவசம். ஆமாம், டிக்கெட் அப்போதும் கொடுத்தார்கள்.

ஒப்பந்தம் முடிந்தவன் அங்கேயே காய்கறி போட்டு, கடை வைத்துத் தலையெடுக்க ஆரம்பித்ததும் வெள்ளைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1895-ல் சட்டம் போட்டார்கள். இனி வருகிறவன் ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி கூலியாகப் பதிய வேண்டும், அல்லது கப்பலேற வேண்டும். இரண்டும் முடியாது, இங்கேயே இருப்பேன் என்றால் தலைக்கு வருடம் 3 பவுண்டு கட்ட வேண்டும். பிறகு பதினாறு வயதான பையனுக்கும் வரி, பதின்மூன்று வயதான பெண்ணுக்கும் வரி. 1913-ல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலையை நிறுத்திவிட்டு நம் ஆட்கள் தெருவுக்கு வந்த பிறகுதான், 1914-ல், அந்த வரி ஒழிந்தது.

1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழர் காந்தியிடம் வந்தார். முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். முதலாளியைத் தண்டிக்க வேண்டும் என்று காந்தி கேட்கவில்லை, இந்த ஆளை அவரிடமிருந்து விடுவித்தால் போதும் என்றார். அதற்குச் சட்டத்தில் இருந்த வழிகளில் ஒன்று, ஒப்பந்தத்தை வேறொரு முதலாளியின் பெயருக்கு மாற்றுவது. காந்தி வேறொரு வெள்ளைக்காரரைத் தேடிப்பிடித்து அப்படியே மாற்றிக் கொடுத்தார். பாலசுந்தரம் அடிக்குத் தப்பினார், ஆனால் முதலாளி இல்லாமல் அந்த மண்ணில் நிற்க அவருக்கும் வழியில்லை. நீங்கள் இப்போது காலையிலிருந்து இரவுவரை எதற்காக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

கரும்புத் தோட்டத்துக் கூலியும் நானும் ஒன்றா என்று கோபப்படுவீர்கள். ஒன்றில்லை. உங்களை யாரும் அடிப்பதில்லை. நல்ல சம்பளம், வீடு, கார், நீங்களாகவே விட்டுப் போகிற உரிமை எல்லாம் உண்டு. அந்த மனிதர்கள் பட்டதில் நூறில் ஒரு பங்குகூட நீங்கள் படவில்லை, அதை மறக்காதீர்கள். ஆனால் உங்கள் எச்1பி அனுமதித் தாளை எடுத்துப் பாருங்கள். மனுதாரர் இடத்தில் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அந்தப் பெயர் விலகியதும் நீங்கள் வரி கட்டிய வருடங்கள், மகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை ஒப்பந்தம் எதற்கும் மதிப்பில்லாமல் போய்விடுகிறது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஆளைக் குறைத்தால் அந்த வீட்டில் அடுப்பெரிவது கஷ்டம்தான். ஆனால் ரேஷன் கார்டு இருக்கும், பிள்ளை அதே பள்ளிக்குப் போகும், இரண்டு மாதத்தில் ஊரை விட்டுப் போ என்று அவரை யாரும் சொல்ல முடியாது. வேலை போனால் வேலை மட்டும்தான் போக வேண்டும். அதோடு வாழும் இடமும் போகிறது என்றால், அது உங்கள் திறமையிலுள்ள குறை இல்லை. உங்களைக் கூட்டிப் போகும்போதே இப்படித்தான் கட்டி வைத்திருந்தார்கள்.

இதே ஏற்பாட்டுக்கு அரபு நாடுகளில் கஃபாலா என்று பெயர். பொறுப்பேற்கிற முதலாளி கஃபீல், அவர் கையெழுத்தில்தான் இக்காமா என்கிற தங்கும் அனுமதி. கஃபீல் கைவிட்டால் எக்ஸிட், நாட்டை விட்டு வெளியேற வேண்டியதுதான். கத்தார் 2020-லும் சவுதி 2021-லும் வேலை மாறுவதற்கான விதிகளைக் கொஞ்சம் தளர்த்தின, அப்போதும் முழுக்க விடவில்லை. ஆக, "அந்தக் கூட்டம்" என்று நீங்கள் எழுதிய மனிதர்களும் நீங்களும் ஒரே கயிற்றில்தான் கட்டப்பட்டிருந்தீர்கள். உங்கள் கயிறு நீளமாக இருந்தது, அதனால் தெரியவில்லை. அவர்கள் ஏஜென்டுக்குக் கட்டிய பணம் அம்மாவின் தாலிச் சங்கிலியை அடகு வைத்த பணம். அந்த வரியை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தகுதி என்கிறீர்களே, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் குழாய்க்குள் படுத்து வெல்டிங் அடிப்பது தகுதியில்லாதவன் செய்கிற வேலையா?

என் சித்தப்பா அந்த வெல்டிங் அடித்தவர். அதனால்தான் இவ்வளவு கோபம்.

பள்ளிகொண்டாவிலிருந்து தொண்ணூறுகளின் நடுவில் சவுதியில் தம்மாமுக்குப் போனவர். கம்பெனியை மூடிவிட்டு எல்லோருக்கும் எக்ஸிட் அடித்து அனுப்பினார்கள். சென்னையில் இறங்கியவர் நேராக வீட்டுக்கு வரவில்லை. பர்மா பஜாருக்குப் போய் ஒரு சென்ட் பாட்டிலும் கோடாலித் தைலமும் வாங்கிப் பெட்டியில் வைத்து, நைலான் கயிற்றால் கட்டி, தம்மாமில் ஒட்டிய சீட்டு மேலே தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறார். பெட்டி தயாராகிவிட்டது, அவர்தான் தயாராகவில்லை. வேலூருக்கு வந்து சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே சந்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கிவிட்டார். சவுதியிலேயே வேறு வேலைக்கு விசா வந்துவிடும், வந்ததும் வீட்டுக்குத் தெரியாமலே திரும்பிப் போய்விடலாம் என்று கணக்கு.

அந்தச் சந்துகள் உங்களுக்குத் தெரியும். பெயர்ப்பலகை வங்காள மொழியில் இருக்கும். பக்கத்து அறையெல்லாம் கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆபரேஷனுக்கு வந்து காத்திருக்கிற குடும்பங்கள். ஸ்டவ்வை வாடகைக்கு எடுத்து அறையிலேயே சமைப்பார்கள். யாரைத் தேடியும் யாரும் வராத இடம், ஒளிந்துகொள்ள அதைவிட வசதி கிடையாது. வீடு பஸ்ஸில் அரை மணி தூரம். தெரிந்த பஸ் கண்டக்டர் ஒருவர் நேதாஜி மார்க்கெட்டில் அவர் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார். அப்பா போய்க் கூட்டிவந்தார்.

ஊர் பேசியது. ஒரு வாரம் பேசியிருக்கும், அதற்குள் வேறு வீட்டுக் கதை வந்துவிட்டது. கடன் மெல்ல அடைந்தது. சித்தப்பா பைபாஸ் ரோட்டில் பட்டறை போட்டார், நன்றாகவே இருந்தார். ஆனால் அவர் லாட்ஜில் இருந்த அதே நாட்களில்தான் பாட்டிக்கு ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரியில் புரை எடுத்தார்கள். லாட்ஜிலிருந்து நடக்கிற தூரம். துணைக்கு நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். சின்னவன் இருந்தால் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பான் என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்தாள். இது அவருக்குப் பிறகுதான் தெரிய வந்தது. தம்மாமில் சம்பளம் நின்ற மாதங்களைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டே பேசுவார். இதைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். பாட்டி போய் வெகுகாலம் கழித்தும் அப்படித்தான்.

தம்பி, உங்கள் அப்பா தறிக்காரர். நூல் விலை ஏறி, மாஸ்டர் வீவர் பாவு தராமல் தறி சும்மா நின்ற வாரங்கள் எத்தனையோ அவருக்குத் தெரியும். அந்த வாரங்களிலும் உங்களுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியிருக்கிறார். வேலையில்லாத நாள் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரிடம் போய், ஓடாத ஏசியும் இல்லாத ஆபீசுமாக ஒரு காரில் உட்கார்ந்துகொண்டு நடிக்கிறீர்கள். அதையாவது உங்கள் பயம் என்று விட்டுவிடலாம். ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, தாத்தாவிடம் பொய் சொல் என்று சொல்லியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியாது. வேலை போனதை அவள் மறந்துவிடுவாள். தாத்தாவிடம் எதை மறைக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துப் பேசியதை மறக்கமாட்டாள். முதலில் அவளை அதிலிருந்து விடுவியுங்கள்.

இன்று இரவு சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுங்கள், குடியாத்தத்தில் காலையாக இருக்கும். வீட்டுக்குள்ளிருந்தே பேசுங்கள், மகளும் பக்கத்தில் இருக்கட்டும். மனையை விற்பதா வேண்டாமா என்று என்னைக் கேட்கிறீர்கள், பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. அவரையே கேளுங்கள். வக்கீலைப் பார்த்த பிறகு ஐ-140 விஷயம் என்ன ஆயிற்று என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.