துபாய் 18,000 திர்ஹாமா, ஜெர்மனி 62,000 யூரோவா?

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. துபாயில் மாதம் 18,000 திர்ஹாம், ஸ்டுட்கார்ட்டில் ஆண்டுக்கு 62,000 யூரோ. எங்கே காசு நிற்கும், எங்கே வாழ்க்கை நன்றாக இருக்கும், குளிர் தாங்குமா, இட்லி மாவு கிடைக்குமா? மாவு கிடைக்கும். குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது. அந்த இரண்டையும் விடுங்கள்.

முதலில் ஒரு பொய்யை ஒதுக்கிவிடலாம். “ஜெர்மனியில் 42 சதவீதம் வரி, பாதி போய்விடும்” என்று நம் ஆட்களே வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். அந்த 42, வரிக்குரிய வருமானம் (2025-ல்) ஏறக்குறைய 68,000 யூரோவைத் தாண்டிய பிறகு, தாண்டிய பகுதிக்கு மட்டும். உங்கள் 62,000 அதன் பக்கத்திலேயே போகாது. உண்மையில் கடிப்பது வரியைவிடக் காப்பீட்டுப் பிடித்தங்கள்: ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக்கு 1.3, மருத்துவம், முதியோர் பராமரிப்பு எல்லாம் சேர்த்துச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 2025 கணக்குப்படி வரி வகுப்பு (திருமண நிலையை வைத்து மாத வரி பிடிக்கும் பிரிவு) 1-ல் மாதம் சுமார் 3,200 யூரோ கையில் வரும், வகுப்பு 3-ல் சுமார் 3,600. அரசு தரும் குழந்தைப் பணம் அந்த ஆண்டு மாதம் 255, அது தனி.

இந்த வகுப்பில்தான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். மனைவி ஊரில் இருக்கும்வரை உங்களுக்கு வகுப்பு 1. அவர் வந்து நகராட்சியில் முகவரி பதிந்ததும் தானாக 4-க்கு மாறும். 3 வேண்டுமென்றால் இருவரும் கையெழுத்துப் போட்டு வரி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். அவர் நவம்பரில் வந்தாலும் அந்த வருடத்துக்குச் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்தால், முழு வருடத்துக்கும் தம்பதியராகக் கணக்கிட்டு அதிகம் பிடித்த வரியைத் திருப்பித் தருவார்கள். ஊரில் அவர் சம்பாதித்ததையும் அதில் காட்ட வேண்டும்.

துபாய் பக்கம் வருமான வரி இல்லை, சரி. ஆனால் ஆஃபர் கடிதத்தில் ‘பேசிக்’, அதாவது படிகள் சேராத அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று பாருங்கள். 18,000-ல் பேசிக் 9,000 மட்டும் என்றால், முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பணிக்கொடை வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதாவது 6,300 திர்ஹாம். 2023-லிருந்து வந்த வேலையிழப்புக் காப்பீடும் பேசிக்கில் 60 சதவீதம்தான், அதுவும் மூன்று மாதம் மட்டும். வாடகை ஆண்டுக்கு 75,000 என்று வைத்தால் தரகருக்கு 3,750, முன்பணம் 3,750, நகராட்சிக் கட்டணம் 5 சதவீதம் மின்சார பில்லோடு மாதாமாதம் வரும். வாடகையை நான்கு செக்காகக் கேட்டால் முதல் செக்கே 18,750. முதல் சம்பளம் வருவதற்குள் 26,000 திர்ஹாமுக்கு மேல் கையிலிருந்து போய்விடும்.

ஆனாலும் காசு நிற்பது துபாயில்தான். அதை மறுக்கிற ஜெர்மனித் தமிழர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார். திர்ஹாமை ரூபாயாக்கிப் பெருமை பேசுகிற துபாய்க்காரரும், வீடு விற்கிற பில்டர் விளம்பரம் மாதிரி ‘வாழ்க்கைத் தரம்’ பேசுகிற ஜெர்மனிக்காரரும் ஒன்றுதான். நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், கெட்ட மாதத்தை வைத்துப் போடுங்கள். முதுகெலும்பில் ஒரு தட்டு நழுவி மூன்று மாதம் படுத்தீர்கள் என்று வையுங்கள். துபாயில் தகுதிகாண் காலம் முடிந்திருந்தால் 15 நாள் முழுச் சம்பளம், 30 நாள் பாதி, மீதி 45 நாள் ஒன்றுமில்லை. இங்கே ஜெர்மனியில் ஆறு வாரம் முழுச் சம்பளம், பிறகு மருத்துவக் காப்பீடு மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம் தரும், ஆனால் நிகரச் சம்பளத்தில் 90 சதவீதத்தைத் தாண்டாது. அந்தக் காலத்தில் விடுப்பு நாள் ஒன்றுகூடக் குறையாது.

ஜெர்மனியில் வேலை போனால்? பன்னிரண்டு மாதம் வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தால் ஆறு மாதத்துக்கு, குழந்தை இருப்பவருக்கு நிகரச் சம்பளத்தில் 67 சதவீதம். இதில் ஒரு பொறி இருக்கிறது. நிறுவனம் “இருவரும் பேசிப் பிரிந்துவிடலாம்” என்று ஒரு ஒப்பந்தத்தை நீட்டும். பெயர் ஔஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக். கையெழுத்துப் போட்டால், தகுந்த காரணம் இல்லாதவரை உதவித்தொகை 12 வாரம் நிறுத்தப்படும். வேலை முடிவதற்கு மூன்று மாதம் முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும், அதைவிடத் தாமதமாகத் தெரிந்தால் தெரிந்த மூன்று நாளுக்குள், தவறினால் ஒரு வாரம் வெட்டு. நம் ஆட்கள் மரியாதைக்காகக் கையெழுத்துப் போடுவார்கள். போடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கிறேன் என்று சொல்லுங்கள்.

வீடு. ‘கால்ட்’ (வெறும் வாடகை) என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், ‘வார்ம்’ (ஹீட்டர், பராமரிப்புச் செலவு சேர்ந்தது) எவ்வளவு என்று கேளுங்கள். முன்பணம் கால்ட் வாடகையில் மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது, மூன்று தவணையாகக் கட்டச் சட்டம் அனுமதிக்கிறது. சமையலறை என்று ஒரு அறை இருக்கும், உள்ளே நான்கு சுவரும் தண்ணீர்க் குழாயும் மட்டும். கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு ஒயர் தொங்கும். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் உங்கள் செலவு.

அடுத்து பூஞ்சை. குக்கர் மூன்று விசில், சாம்பார் ஆவி, அறைக்குள் கொடி கட்டிய ஈரத்துணி, அடைத்த ஜன்னல். பிப்ரவரியில் வெளிச்சுவரோடு ஒட்டிய அலமாரியை நகர்த்தினால் பின்னால் கறுப்புப் புள்ளி. வீட்டுக்காரர் முன்பணத்தில் கை வைப்பார். ஜன்னலைச் சாய்த்து வைத்தால் காற்று மாறாது, சுவர்தான் குளிரும். காலை, மாலை, சமைத்த பிறகு என முழுதாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம், அப்போது ஹீட்டரை அணைத்து. ஜன்னலை மூடியதும் ஹீட்டர் திருகை 3-ல் வையுங்கள், சுமார் 20 டிகிரி. அலமாரிக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் பராமரிப்பு இடம் சட்ட உரிமை, 2013 ஆகஸ்டிலிருந்து. உரிமை இருக்கும், இடம் இருக்காது. வந்த வாரமே விண்ணப்பியுங்கள். அதுவரை மனைவி வீட்டில் அடைபடுவார். மொழி வகுப்புக்கும் போக முடியாது. ‘வாழ்க்கைத் தரம்’ என்று பேசும்போது பலர் விட்டுவிடும் பகுதி இது. பத்து வருடமாக இங்கே இருந்தும் டாக்டரிடம் கணவர் வந்துதான் பேச வேண்டிய வீடுகள் இருக்கின்றன. உங்களுக்கும் மொழி லாபம்தான்: ப்ளூ கார்டில் (பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி) பி1, அதாவது நடுத்தர ஜெர்மன் மொழிச் சான்று, இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு, அடிப்படை மொழி மட்டும் என்றால் 27.

ஜெர்மனி என்று முடிவெடுத்தால், முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், இரண்டு வார நோட்டீஸில் அனுப்பலாம். அதுவரை சாமான் போட்ட வீட்டில் இருங்கள். ஆனால் முகவரி பதிய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தருவாரா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அது இல்லாமல் வரி எண் வராது, எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் அதிக வரி பிடிக்கும் வகுப்பு 6 போட்டுவிடலாம். ஆறு மாதம் முடியாமல் சமையலறைக்குக் காசு போடாதீர்கள்.