பெயருக்கு முன்னால் ஒரு மத்மொசெல்

வணக்கம்.

பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸ் சலோன்கள் (வீடுகளில் கூடிய இலக்கிய, இசைச் சபைகள்) பற்றிய உங்கள் கட்டுரையில் நாவலாசிரியை மதலேன் த ஸ்குதேரிக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அவருடன் சேர்ந்து சலோன் நடத்திய இசையமைப்பாளருக்கு ஒரே வரி: 'பொக்கே என்ற பெண் யாழ் வாசித்தார்.' நானும் தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் ஆன் என்கிறார்கள், இன்னோரிடத்தில் மார்கரீத். சலோன் பெண்களின் இடம் என்று எழுதுகிறீர்கள், அங்கேயும் ஒரு பெண்ணின் பெயர் தொலைந்துபோகுமா? தன் இசையை அவர் ஏன் அச்சிடவில்லை?

சுமதி

அன்புள்ள சுமதி,

முதலில் என் தவறு. யாழ் என்று எழுதியிருக்கக் கூடாது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். அவர் வாசித்தது லூட் என்ற ஐரோப்பிய நரம்புக் கருவி. அதில் வீணையைப் போல இடது கை விரல்கள் மெட்டுகளுக்கு மேல் ஓடும். பொக்கே காலத்துப் பிரெஞ்சு லூட்டில் ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்புகள் இருபது வரை இருந்தன. மழை பெய்தால் சுருதி போய்விடும். எண்பது வயது லூட் கலைஞர் அறுபது வருஷத்தைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று ஜெர்மன் இசை எழுத்தாளர் மாத்தெசோன் 1713இல் கிண்டலடித்தார்.

சரி, பெயருக்கு வருவோம். (பூங்கொத்துக் கடை பொக்கே இல்லை இவர்.) லூட் சுவடிகளை எழுதியவர்கள் ஒவ்வொரு இசைத் துண்டின் மேலேயும் குடும்பப் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். ஆண்களுக்கும் இதே கதிதான். எனமோன் கோத்தியே, டெனி கோத்தியே என்று இரண்டு பெரிய கலைஞர்கள் இருந்தார்கள். வெறும் 'கோத்தியே' என்று எழுதி வைத்ததால் எது யாருடையது என்ற தகராறு இன்றும் ஓயவில்லை. நம்மவருக்கு முந்திய தலைமுறையிலும் சார்ல் பொக்கே என்ற ஆண் லூட் கலைஞர் ஒருவர் உண்டு. சுவடியில் 'மத்மொசெல்' (செல்வி) என்ற அடைமொழி இருந்தால் துண்டு இவருடையது. எழுதியவர் சோம்பேறியாக இருந்தால் நரம்புகளுக்குச் சுருதி சேர்க்கும் முறையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்: சார்ல் காலத்தில் பழைய சுருதி, இவர் காலத்தில் புதிய டி மைனர் சுருதி.

அச்சு விஷயத்தில் உங்களோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. எனமோனே உயிரோடிருந்தவரை தன் லூட் இசை எதையும் அச்சில் கொண்டுவரவில்லை. மாணவர், நண்பர் கையால் படியெடுத்துத்தான் அது பரவியது. ஆனால் மதிப்புள்ள ஒரு பெண் காசுக்கு வாசிப்பதும் பெயர் போட்டு விற்பதும் கௌரவக் குறைச்சலாகப் பட்ட காலம் என்பதும் நிஜம். ஸ்குதேரியே பத்து பாகத்தில் எழுதிய 'கிரான் சிருஸ்' நாவல் (1649-53) அண்ணன் ஜோர்ஜ் பெயரில்தான் வெளிவந்தது.

இருவரும் 1653 முதல் 1659 வரை பாரிஸின் மாரே பகுதியில் சலோன் நடத்தினார்கள். ஸ்குதேரி வீட்டில் கூடுவது சனிக்கிழமை. அக்காலச் சீமாட்டிகள் பலர் கட்டிலில் சாய்ந்தபடியே விருந்தினரை வரவேற்பார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் நாற்காலி போட்டு உட்காருவார்கள் வந்தவர்கள். அந்த இடத்துக்குப் பெயரே 'ரூயெல்', அதாவது சந்து. லூட்டுக்கு அதைவிடத் தோதான அரங்கம் கிடையாது. பத்தாவது வரிசைக்கு அதன் சத்தம் எட்டவே எட்டாது.

பிரெலூடு என்ற வகைத் துண்டை அங்கே கற்பனை செய்யுங்கள். சுவடியில் நரம்புகளைக் குறிக்கும் கோடுகளில் எழுத்துகள் மட்டும்: 'ஏ' என்றால் விரல் வைக்காத நரம்பு, 'பி' என்றால் முதல் மெட்டு. பல பிரெலூடுகளில் தாளக் குறிப்பே இருக்காது. எங்கே நிறுத்துவது, எங்கே ஓடுவது என்பது வாசிப்பவர் பாடு. பொக்கேயின் பிரெலூடுகள் அரைச் சுரங்களில் வெகுதூரம் அலைகின்றன. எனக்கு அவருடைய நடனத் துண்டுகளைவிட இவைதான் பிடிக்கும்.

அப்புறம், அந்த வட்டத்தில் சொந்தப் பெயரை யாரும் பெரிதாகப் புழங்கவில்லை. ஸ்குதேரிக்கு, பழைய கிரேக்கப் பெண் கவிஞரின் பெயரான சாஃபோ என்று பெயர். பொக்கே 'கிரான் சிருஸி'ல் அகெலாஸ்த் என்ற பெயரில் வருகிறார், நண்பர்களும் அப்படியே அழைத்தார்கள். கிரேக்கத்தில் அதற்குச் 'சிரிக்காத ஆள்' என்று பொருள்.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்: 'மத்மொசெல் பொக்கே லூட் வாசித்தார், அதற்கு இசையும் அமைத்தார்.' ஆன், மார்கரீத் இரண்டையும் சேர்க்கவில்லை.