கனடா பிஆர்: அழைப்பு வருவதற்கு முன்பே கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

கேள்வி: எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக அடுத்த வருடம் கனடா பிஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். இப்போதே எதையெல்லாம் தொடங்கி வைக்கலாம்?

பதில்: எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் முதலில் உங்கள் விவரங்களை இணையத்தில் புரொஃபைலாகப் போட்டு, காத்திருப்போர் பட்டியலில் (பூல்) சேர்வீர்கள். அதில் புள்ளி அதிகமுள்ளவர்களை பிஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக் கனடா அரசு அழைக்கும். அந்த அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் அனுப்பியாக வேண்டும். அந்த 60 நாளை ஆவணம் திரட்டும் காலம் என்று நினைப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் இருப்பதைச் சரிபார்த்துப் பதிவேற்றவே அது சரியாக இருக்கும். ஒரு கட்டாய ஆவணம் குறைந்தாலும் 'முழுமையில்லை' என்று விண்ணப்பம் திரும்பிவிடும், அழைப்பும் போச்சு.

ஆகவே ஆவணங்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாங்க மாதக்கணக்காகும், வாங்கிவிட்டால் நெடுநாள் செல்லும் என்பவை ஒரு கட்டு. சீக்கிரம் கிடைக்கும், சீக்கிரமே காலாவதியாகும் என்பவை இன்னொரு கட்டு. முதல் கட்டை இன்றே தொடங்குங்கள், இரண்டாவதைக் கடைசிவரை தொடாதீர்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உதாரணமாக, கல்வித் தகுதி மதிப்பீடான ஈசிஏ 5 வருடம் செல்லும். மொழித்தேர்வு மதிப்பெண் 2 வருடம்தான். இரண்டுமே புரொஃபைல் போடும் நாளிலும் பிஆர் விண்ணப்பம் அனுப்பும் நாளிலும் உயிரோடு இருக்க வேண்டும். ஈசிஏவில் நேரத்தைத் தின்பது மதிப்பீட்டு நிறுவனம் அல்ல, பெரும்பாலும் நீங்கள் படித்த பல்கலைக்கழகம்தான். மதிப்பெண் பட்டியலை அவர்களே உறையிட்டோ மின்னணு முறையிலோ அனுப்பவேண்டியிருக்கும். ஆகவே ஈசிஏவைத் தொடங்கிவிட்டுத் தேர்வுக்குப் படியுங்கள். சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் விரித்த பெயரும் இருந்தால், அந்தச் சிக்கலையும் இப்போதே தீர்த்துவிடுங்கள்.

தேர்வு ஐஇஎல்டிஎஸ் என்றால் ஜெனரல் டிரெயினிங்தான் எழுத வேண்டும், அகாடமிக் செல்லாது. குறி சிஎல்பி 9 (கனடாவின் மொழித்திறன் அளவுகோலில் 9ஆம் நிலை): லிசனிங் 8, மற்ற மூன்றிலும் 7. ஏன் இந்த எண்ணில் இவ்வளவு பிடிவாதம் என்றால், கணக்கைப் பாருங்கள். துணை இல்லாத ஒருவர். முதுகலைப் பட்டம், கனடாவுக்கு வெளியே 3 வருட அனுபவம். மூன்று பிரிவில் சிஎல்பி 9 வந்துவிட்டது, லிசனிங்கில் மட்டும் 7.5, அதாவது சிஎல்பி 8. அந்த அரை பேண்டைத் தேற்றினால் லிசனிங்குக்கு 8 புள்ளி கூடும். அதோடு படிப்பும் மொழியும் சேர்ந்த பிரிவில் 25, அனுபவமும் மொழியும் சேர்ந்த பிரிவில் 25. ஆக 58 சிஆர்எஸ் புள்ளி (அழைப்புக்கான தரவரிசைப் புள்ளி)! வேறு எந்த வழியிலும் இவ்வளவு மலிவாக இத்தனை புள்ளி வராது. திரும்ப எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் இழுத்தடிக்கவும் கூடாது. தனியாக விண்ணப்பிப்பவருக்கு வயதுக்கான புள்ளி 20 முதல் 29 வரை 110. 30இல் 105, 35இல் 77, 40இல் 50. அதற்குப் பிறகு 44 வரை ஒவ்வொரு பிறந்தநாளும் 11 புள்ளியைப் பிடுங்கும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் வேலை அனுபவக் கடிதம். 'இவர் எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர்' என்ற இரண்டு வரி ரிலீவிங் லெட்டர் எதற்கும் உதவாது. நிறுவன லெட்டர்ஹெட், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் வேண்டும். நீங்கள் வகித்த ஒவ்வொரு பதவிக்கும் தேதிகள், செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், சலுகைகள் எல்லாம் இருக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது மணி நேரம். முழுநேர வேலை என்றால் வாரம் 30 மணி, வருடத்துக்கு 1,560 மணி என்பதுதான் கணக்கு. அது கடிதத்தில் இல்லாவிட்டால் அதிகாரி எதை வைத்துக் கணக்கிடுவார்?

என்ஓசி குறியீட்டை (கனடாவின் தொழில் வகைப்பாட்டு எண்; தடையில்லாச் சான்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) பதவிப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். செய்த வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 'மேனேஜர்' என்று போட்டிருந்தும் ஆளை நிர்வகிக்காதவர்கள் ஏராளம். அரசுத் தளத்தில் உள்ள பணி விவரத்தை வரிக்கு வரி நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டினாலும் சந்தேகம்தான் வரும். எச்ஆர் பணி விவரம் எழுதித் தர மறுத்தால் பழைய மேலாளரின் உறுதிமொழிப் பத்திரம், சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வரி ஆவணம் எல்லாம் சேர்த்து, ஏன் கிடைக்கவில்லை என்று விளக்கக் கடிதமும் வையுங்கள். பழைய கம்பெனி மூடிவிடலாம், மேலாளர் வேறு ஊர் போய்விடலாம். எனவே இதுவும் முதல் கட்டு.

பணம்: கனடிய அனுபவத்தைக் காட்டி சிஇசி பிரிவில் போகிறவர்களுக்கு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று வேண்டாம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வங்கிக் கடிதத்தில் கணக்கு எண், தொடங்கிய தேதி, இருப்பு, கடந்த 6 மாதச் சராசரி, நிலுவைக் கடன் எல்லாம் வேண்டும். கடன் வாங்கிய பணமும் வீடு நிலத்தின் மதிப்பும் செல்லாது. பெற்றோர் தருவதானால் இப்போதே வாங்கி, கொடைப் பத்திரமும் எழுதிவிடுங்கள். கடைசி மாதம் திடீரென்று கணக்கில் ஏறும் பெரும் தொகைதான் கேள்வி எழுப்பும். பணத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு, கடிதத்தை மட்டும் கடைசியில் வாங்குங்கள்.

போலீஸ் சான்றும் இரண்டு கட்டிலும் வரும். கடந்த 10 வருடத்தில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் (கனடா நீங்கலாக) வேண்டும். விட்டு வந்துவிட்ட நாட்டுச் சான்று, அங்கிருந்து கிளம்பிய பிறகு வாங்கியதாக இருந்தால் போதும், இன்றே விண்ணப்பியுங்கள். இப்போது வசிக்கும் நாட்டுச் சான்று, விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையையும் 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பம் அனுப்பும் முன்பே முடித்தாக வேண்டும். கனடா குடிவரவுத் துறையின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும்.

ஒரு தாளில் 10 வருடத்தை மாதம் மாதமாக எழுதி வையுங்கள்: எங்கே வசித்தீர்கள், என்ன செய்தீர்கள், எந்த நாட்டுக்குப் போனீர்கள். வேலையில்லாத மாதத்தை 'வேலை தேடினேன்' என்றே எழுதலாம், குற்றமில்லை. இடைவெளி விடுவதுதான் தப்பு. முன்பு எந்த நாடாவது விசா மறுத்திருந்தால் மறைக்காதீர்கள். பொய்த்தகவல் என்று முடிவானால் 5 வருடத் தடை. கூட வராத மனைவி, கணவர், பிள்ளைகளையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். இன்று விட்டுவிட்டால் பிறகு அவர்களை ஸ்பான்சர் செய்ய முடியாமல் போகலாம்.

இத்தனைக்குப் பிறகும், அழைப்பு வந்ததும் புள்ளியை ஒருமுறை திரும்பக் கூட்டிப் பாருங்கள். ஏதோ ஒன்று மாறி, கட்-ஆஃபுக்குக் கீழே இறங்கிவிட்டால் அழைப்பை நிராகரித்துவிடுங்கள். தகுதி இருக்கும்வரை புரொஃபைல் மறுபடி பூலுக்கே போகும். பேசாமல் 60 நாளை ஓடவிட்டால் புதிதாகப் புரொஃபைல் போட வேண்டியதுதான்.