மருந்தைச் சுத்தமாக்குவதும் ஆன்டிபாடி, முடக்குவதும் ஆன்டிபாடியா?

கேள்வி: ஹீமோஃபிலியா ஏ என்ற, இரத்தம் எளிதில் உறையாத நோய் உள்ள என் அக்கா மகனுக்கு உறைகாரணி 8 ஊசி இப்போது பலன் தருவதில்லை, அதற்கு எதிராக அவன் உடலில் ஆன்டிபாடி உருவாகிவிட்டதாக மருத்துவர் சொல்கிறார். மருந்துப் பெட்டியில் இருந்த தாளிலோ, எலியின் ஆன்டிபாடியால் தூய்மையாக்கப்பட்டது என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா? இவற்றை எப்படித் தயாரித்துச் சோதிக்கிறார்கள்?
- வாசகர், குலசேகரம்

பதில்: ஆன்டிபாடி என்பது, உடல் அந்நியமாகக் கருதும் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம். நீங்கள் சொல்லும் இரண்டும் இரத்தம் உறைய உதவும் காரணி 8 என்ற ஒரே புரதத்தைப் பற்றிக்கொள்பவைதாம். ஆனால் அது 2,332 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். அது வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொண்டு பற்றினால் மருந்து முடங்கும், வேறிடத்தில் பற்றினால் முடங்காமலும் இருக்கலாம்.

ஆய்வகத்தில், காரணி 8 செலுத்தப்பட்ட சுண்டெலியின் மண்ணீரல் செல்களை, ஓயாமல் பெருகும் மயலோமா புற்றுச்செல்களோடு இணைக்கிறார்கள். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டறிந்து, 1984-இல் நோபல் பரிசு பெற்ற முறை இது. இணைந்த செல்களை ஆய்வகத் தட்டின் சிறு குழிகளில் குழிக்கு ஒன்றாகப் பிரித்து வளர்த்தால், ஒவ்வொரு குழியும் ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரக்கும். அதைச் சிறு மணிகளில் பிணைத்து, அவற்றின் வழியே கலப்புள்ள கரைசலைச் செலுத்தினால் காரணி 8 மட்டும் ஒட்டி நிற்கும். பிறகு அதைப் பிரித்தெடுப்பார்கள். நீங்கள் படித்த தாள் சொல்வது இதைத்தான்.

சோதனைதான் நுட்பமானது. எலைசா என்ற நிறமாற்ற முறையில், காரணி 8 பூசிய குழியில் ஆன்டிபாடியை இட்டதும் நிறம் மாறினால், அது எதையோ பற்றியது என்று மட்டுமே பொருள். காரணி 8 இரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்தே சுற்றுவதால், பற்றியது அந்தத் துணையைத்தானா என்று அறிய, அந்தத் துணையை மட்டும் பூசிய தனிக் குழிகளையும் உடன் வைக்க வேண்டும். இதைத் தவிர்த்த ஆய்வை நான் நம்பமாட்டேன்.

முடக்குகிறதா என்பதை உறையும் நேரமே சொல்லும். தட்டில் ஆசிட் குறைந்தால் ரப்பர்ப் பால் உறையத் தாமதமாவதை உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். காரணி 8 குறைந்த பிளாஸ்மாவும் (இரத்தத்தில் செல்கள் நீங்கிய திரவப் பகுதி) அவ்வாறே தாமதிக்கும். பையனின் பிளாஸ்மாவை இயல்பான பிளாஸ்மாவோடு சரிபாதி கலந்து, 37 டிகிரி வெப்பத்தில் 2 மணி நேரம் வைத்த பிறகே அளக்கிறார்கள், ஏனெனில் இந்த ஆன்டிபாடி மெதுவாக வேலை செய்வது. கலந்த உடனே பார்த்தால் இல்லாதது போலத் தோன்றும். அந்த நேரத்தில் காரணி 8-இன் செயலில் பாதி போயிருந்தால் அது 1 பெதஸ்டா அலகு, அதாவது முடக்கும் ஆன்டிபாடியின் அளவைக் குறிக்கும் அலகு. 5 அலகுக்கு மேல் போனால் வழக்கமான ஊசி பெரும்பாலும் பயன்படாது.

அப்போது மருத்துவர் எமிசிசுமாப் ஊசியைப் பரிந்துரைக்கலாம். அதுவும் ஓர் ஆன்டிபாடியே; ஒரு கையால் காரணி 9-ஐயும் மறு கையால் காரணி 10-ஐயும் பிடித்து, காரணி 8 செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்கிறது. அதைப் போட்டுக்கொண்டவரின் இரத்தத்தில் மேற்சொன்ன உறைநேரச் சோதனை தவறான விடை தரும் என்பதால், இரத்தம் கொடுக்கும்போதே ஆய்வகத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். மாட்டுப் புரதங்களைக் கொண்டு செய்யப்படும் நிறமாற்றச் சோதனை அவர்களுக்கென்று தனியாக உண்டு.