ஹைப்பர் தைராய்டு இருக்குறவருக்கு தொடை எளச்சு எழுந்திருக்க முடியல, ஜிம்ல சேத்துவிட்டா சரியாகுமா?

உங்க அண்ணனுக்கு தைராய்டு அதிகமா சுரக்குதுன்னு சொல்லிட்டாங்க, தொடை ரெண்டும் எளச்சுப்போச்சு, தரையில உக்காந்தா எழுந்திருக்க முடியல, ஜிம்ல சேத்து புரோட்டீன் பவுடர் குடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு வேணாங்க. மொதல்ல தைராய்டு அடங்கணும். அதோட, வூட்ல எல்லாரும் சோம்பேறித்தனம்னு சொல்றாங்கன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, அதப் படிச்சதும் வயிறு எரிஞ்சிது, அதுக்காகத்தான் இவ்ளோ பெருசா எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, எனக்கு வந்ததையும் எனக்கு பாத்த டாக்டர் சொன்னதையும் தான் எழுதுறேன், வாட்ஸ்அப் வைத்தியம்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

நான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல புடவைக் கடையில சேல்ஸ்மேன். பாயில உக்காந்து புடவைய விரிச்சுக் காட்டணும், எழுந்து மேல் ரேக்குல இருந்து கட்டு எறக்கணும், திரும்ப உக்காரணும், நாள் பூரா இதான். ஒரு கட்டத்துல முட்டில கை ஊனாம எழ முடியல. அப்புறம் கைய மேல தூக்குனா நிக்கல, தோள்பட்ட அப்டியே சொத்துன்னு விழுது. தலை வாரவே கஷ்டம். ஆனா பிடி மட்டும் நல்லா இருந்துச்சு, கட்டுக்கு முடிச்சு போடுவேன், கத்திரி பிடிப்பேன், அதனால யாரும் நம்பல. ரெண்டாள் சாப்பாடு சாப்புடுறேன், பேண்ட் இடுப்புல நிக்கல. ஃபேன் அடியிலயும் வேர்த்து ஊத்துது. புடவ மடிக்கிறப்ப விரல் நடுங்குது.

ஆள் எளச்சு கையும் நடுங்குனா நம்ம ஏரியால ஒரே முடிவுதான், தண்ணி. ஓனர் கஸ்டமருங்க முன்னாடியே கேட்டாரு, "இன்னாப்பா, காலைலயேவா?"ன்னு. எங்க அப்பா குடிச்சே செத்தவரு, அதனாலயே அத கையால தொடாதவன் நான். அன்னிக்கு கேட்ட பேச்சு இன்னும் ஆறல.

தண்டையார்பேட்ட ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி எங்க வூடு, லிஃப்ட் கெடையாது, செவுத்த புடிச்சு புடிச்சு ஏறுவேன். கீழ் வூட்டு அக்கா டிபியா இருக்கும்னு சொல்லி சளி டெஸ்ட் எடுத்தேன், ஒண்ணுமில்ல. சுகர் நார்மல். பக்கத்து கிளினிக்ல சிபிகேன்னு தசைக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தாங்க, அதுவும் நார்மல், ஒடனே டென்ஷன்னு சொல்லி சத்து மாத்திர எழுதிட்டாங்க. அப்புறம் பாத்த டாக்டர் தான் கழுத்த தடவிப் பாத்துட்டு தைராய்டு டெஸ்ட் எழுதுனாரு. டிஎஸ்ஹெச்னா தைராய்ட சுரக்கச் சொல்லி மூளையில இருந்து வர்ற ஹார்மோன், தைராய்டு அதிகமானா இது எறங்கிடும். சாதாரணமா 0.4ல இருந்து 4 வரைக்கும் இருக்கணும், எனக்கு 0.01க்கும் கீழ. தைராய்டு சுரக்குற ஹார்மோனுங்க டி3, டி4 ரெண்டும் ஏறிக்கெடந்துச்சு. தைராய்டு கம்மியா இருந்தா சிபிகே ஏறுமாம், அதிகமா இருந்தா பெரும்பாலும் நார்மலாவே காட்டுமாம். ஹார்மோன் அதிகமானா ஒடம்பு தசைய கட்டுறத விட வேகமா ஒடைச்சுடுதாம், தொடை, இடுப்பு, தோள் தான் மொதல்ல போகுமாம். அப்டின்னா எனக்கு வந்தது சோம்பேறித்தனமும் இல்ல குடியும் இல்ல, நெஜமாவே தசை கரைஞ்சிருக்கு.

தைராய்டு சுரக்குறத கொறைக்க கார்பிமசோல் மாத்திர குடுத்தாங்க, நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் ப்ரோப்ரனலால். அண்ணனுக்கு வீசிங் இருந்தா இந்த ரெண்டாவது மாத்திர பத்தி டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. நடுக்கம் சீக்கிரமே நின்னுச்சு, தொடை அப்டி இல்ல, ரிப்போர்ட் நார்மல் ஆனதுக்கு அப்புறமும் பல மாசம் இழுத்துச்சு. ஆனா வந்துச்சுங்க. லெவல் அடங்குனப்புறம் டாக்டர் சரின்னதும் நாற்காலில உக்காந்து எழுறது, மெதுவா நடக்குறதுன்னு ஆரம்பிச்சேன். பவுடர் எல்லாம் இல்ல, முட்ட, கொண்டக்கடல, மீனு.

கேள்விக்கு சம்பந்தமில்லன்னாலும் சொல்லிடுறேன். கடை வேலையாளுங்க உக்கார ஸ்டூல் போடணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டம் வந்தாச்சு. எங்க கடையில கஸ்டமர் இல்லாத நேரத்துல நின்னுக்கிட்டே தான் இருக்கணும், பாயில கூட சாயக்கூடாது. நோயாளியா இருந்தப்ப ஒரு ஸ்டூல் கேட்டேன், எல்லாரும் கேப்பாங்கன்னு பதில் வந்துச்சு. எல்லாரும் கேக்கணும்னு தானே சட்டம் போட்டாங்க? கூட நிக்கிற பொண்ணுங்களுக்கு கால் வீங்கிக் கெடக்குது, கேக்க நாதி இல்ல.

சரி, அண்ணன் விஷயத்துல ரெண்டு ஆபத்து தெரிஞ்சு வச்சுக்கோங்க. கார்பிமசோல் சாப்புடுறப்ப ஜுரமோ தொண்ட வலியோ வந்தா டோலோ போட்டு சமாளிக்காதீங்க, அந்த மாத்திரைய நிறுத்திட்டு அன்னிக்கே டாக்டர பாத்து ரத்த அணு டெஸ்ட் எடுக்கணும், அபூர்வமா வெள்ள அணு சுத்தமா கொறஞ்சிடும். இன்னொன்னு, ராத்திரி பிரியாணி மாதிரி மாவுச்சத்து நெறைய சாப்ட்டுட்டு தூங்கி, காலைல காலே அசையலன்னா அது சாதாரண பலவீனம் இல்ல, ரத்தத்துல பொட்டாசியம் எறங்கியிருக்கலாம், இந்த தைராய்டு உள்ள ஆசிய நாட்டு ஆம்பளைங்களுக்கு தான் அது அதிகம் வருது. விடியட்டும்னு பாக்காம 108க்கு போன் பண்ணுங்க, இல்ல ஆட்டோ புடிச்சு ஸ்டான்லி மாதிரி பக்கத்துல இருக்குற பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு ஓடுங்க, தைராய்டு இருக்குன்னு போனதும் மொதல்லயே சொல்லிடுங்க.