பறித்த வெங்காயம் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் வெங்காயம் நல்ல பருமனாக விளைந்தது. பறித்துக் கூடையில் வைத்தேன். ஒரு மாதத்துக்குள் பாதி கழுத்துப் பக்கம் குழைந்து அழுகிவிட்டது, மீதி முளைக்கிறது. அடுத்த முறை என்ன செய்யலாம்?

பதில்: கூடையைக் குறை சொல்வதற்கு முன் பறித்த விதத்தைப் பார்க்க வேண்டும். சேமிப்பில் வரும் அழுகல் பலமுறை கழுத்து வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. தாளும் குமிழும் சேரும் அந்த இடம் காய்ந்து இறுகிவிட்டால் பூஞ்சை நுழைவது கடினம்.

கழுத்து தடித்து ஈரமாகவே நிற்பதற்கு, குமிழ் பருக்கத் தொடங்கிய பிறகும் யூரியா போன்ற தழைச்சத்து உரம் போடுவது ஒரு முக்கியக் காரணம். இலை தளதளவென்று நிற்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் செடி முதிராது. தழைச்சத்தை வளர்ச்சியின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். குமிழ் மண்ணுக்கு மேலே தெரிந்தால் மண் அணைக்கவும் வேண்டாம்.

தாள்கள் தானாகச் சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பாதிக்கு மேல் சாய்ந்த பிறகு, மழை இல்லாத நாளாகப் பார்த்துப் பிடுங்கலாம். சீக்கிரம் முற்றட்டும் என்று தாளை மிதித்து மடக்குவது எனக்கு உடன்பாடில்லை, கழுத்தில் காயம்தான் மிஞ்சும்.

அப்புறம் உலர்த்தல். பலரும் அவசரப்படுவது இங்கேதான். கழுவாமல், தாளோடு, காற்றோட்டமான நிழலில் ஒரே அடுக்காகப் பரப்பி 2 முதல் 3 வாரம் விடுங்கள். கழுத்தை விரலால் உருட்டினால் உள்ளே வழுக்கக் கூடாது, மேல்தோல் சரசரக்க வேண்டும். அதன் பிறகே 2 செ.மீ. கழுத்து விட்டுத் தாளை நறுக்குங்கள்.

வலைப்பையோ துளையுள்ள தட்டோ போதும். பிளாஸ்டிக் பை வேண்டாம். உருளைக்கிழங்கு விடும் ஈரமும் ஆகாது, தள்ளி வையுங்கள். முளைப்பு வேகமெடுப்பது சுமார் 10 முதல் 20 டிகிரி செல்சியஸில். 25 முதல் 30 டிகிரியில் அது குறைகிறது. அதனால் குளுமையான மூலையைத் தேட வேண்டியதில்லை. காற்று நன்றாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் கருப்புப் பூஞ்சை பிடிக்கும்.

பூத்தண்டு விட்டவை, கழுத்து தடித்தவை, காயம்பட்டவை எதுவும் சேமிப்புக்கு ஆகாது, முதலில் சமைத்துவிடுங்கள். இப்போது முளைத்திருப்பவை கெட்டியாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். தொட்டியில் ஊன்றினால் தாளும் கிடைக்கும்.